கழுத்து நாளங்களும் பாரிச வாயுவும்

(அறநிலையத்தின் ஆண்டுக் கூட்டத்தையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இளைஞர்களே, முன் வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. பாரிச வாயு என்றால் தாத்தா பாட்டிக்கு வருவது, நமக்கென்ன என்று நினைத்துத்தான் பின்னால் நிற்கிறீர்கள். இன்று நான் பேசப் போவது உங்களைப் பற்றியும், உங்கள் பிள்ளைகளைப் பற்றியும்தான். வந்து உட்காருங்கள். நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டப் பள்ளிகளில் பாடம் சொன்னவன். மருத்துவர்களைக் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டதை ஒரு பாடமாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நம் மந்தின் பட்டணத்தில் மூன்று இனத்தாரும் இந்த நோய்க்கு வைத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள். நாம் பாரிச வாயு என்கிறோம், பக்கவாதம் என்கிறோம். மலாய்க்காரர்கள் 'அங்கின் அஹ்மார்' என்பார்கள். சிவப்புக் காற்று என்று பொருள். கடைத்தெருவில் சீனர்களைக் கேட்டால் 'சோங் ஃபெங்' என்கிற சொல்லைத் தங்கள் தங்கள் பேச்சு வழக்கில் சொல்வார்கள். காற்று அடித்துவிட்டது என்று பொருள். மூன்று மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே காற்றின் மீது பழி போட்டிருக்கிறார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் ஒரு நொடியில் சாய்வதைக் கண்டால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அடித்தது என்றுதானே தோன்றும்! பெயரில் ஒன்றும் கெடுதல் இல்லை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு வந்த வைத்தியத்தில்தான் கெடுதல். காற்றை இறக்க எண்ணெய் போட்டு உருவுவது, புறா இரத்தம் தேய்ப்பது, மந்திரிப்பது என்று ஒரு பகல் போய்விடுகிறது. மூளைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மூளையின் எடை ஏறக்குறைய 1.4 கிலோ. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆனால் நாம் இழுக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவழிக்கிறது. இவ்வளவு செலவாளிக்கு இரத்தம் கொண்டு போவது நான்கே நாளங்கள்தாம். கழுத்தின் முன்புறம் இரு பக்கமும் இரண்டு; தொண்டையின் பக்கத்தில் விரல் வைத்தால் துடிப்பது அதுதான். பின்புறம் இரண்டு, அவை கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளுக்குள் நூல் கோத்தது போல ஏறி, மண்டைக்குள் நுழையுமுன் முதல் எலும்பைச் சுற்றி வளைந்து போகின்றன. இந்த வளைவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவேன்.

இந்த நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. 1664-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் இதை விளக்கி நூல் எழுதினார். அதற்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்தோபர் ரென். பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே கட்டடக் கலைஞர். ஒரு குழாய் அடைத்தால் மற்றொன்று ஈடு செய்யட்டும் என்று இயற்கை போட்டு வைத்த சுற்றுப்பாதை அது. ஆனால் அந்த வளையம் முழுமையாக அமைந்திருப்பது பாதிப் பேருக்குக் கூட இல்லை என்று பின்னாளில் பரிசோதித்தவர்கள் கண்டார்கள். சிலருக்கு ஒரு பக்கம் நூலாக மெலிந்திருக்கும், சிலருக்கு ஒரு துண்டே இராது. நம் முகங்கள் வேறுபடுவது போல உள்ளே குழாய்களும் வேறுபடுகின்றன. தாயின் வயிற்றில் கரு உருவாகும் தொடக்க வாரங்களில் மட்டும் இருந்து மறைய வேண்டிய ஒரு நாளம், ஆயிரத்தில் ஒருவர் முதல் ஆறு பேர் வரை மறையாமல் தங்கிவிடுவதும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை தொந்தரவு தருவதில்லை. எண்பது வயது வரை வாழ்ந்து, தம் மூளையில் ஒரு குழாய் குறைவு என்று அறியாமலே போனவர்கள் ஏராளம். ஆகவே இன்றிரவே ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் மக்களைச் சாய்க்கும் பக்கவாதத்தில் பெரும்பகுதி இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், சிகரெட், சீரற்ற இதயத் துடிப்பு ஆகியவற்றால் வருவதுதான். அதைப் பற்றி இந்த மண்டபத்தில் பலமுறை பேசியாகிவிட்டது. இன்று எடுத்துக்கொண்டது மற்ற சிறு பகுதி. சிறு பகுதி என்றாலும், அது அடிப்பது வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிற வயதில், அல்லது பள்ளிக்கூடம் போகிற வயதில்.

முதலில் நாளம் கிழிவது. இரத்தக் குழாயின் சுவர் மூன்று அடுக்கு. உள்ளடுக்கில் ஒரு சிறு கிழிசல் விழுந்தால் இரத்தம் அடுக்குகளுக்கிடையே புகுந்து சுவரைப் பிரிக்கிறது. பால் மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உளி தவறிப் பட்டையை உரித்துவிட்டால், உரிந்த பட்டை வெட்டுக்கோட்டில் தொங்கிப் பால் வழியை மறிக்கும். மறித்த இடத்தில் பால் தேங்கி ஒட்டுப்பாலாக உறையும். நாளத்திலும் அதே கதைதான். உறைந்த கட்டி மேலே ஓடி மூளையில் போய் அடைத்துக்கொள்கிறது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் பக்கவாதத்தில் இது நூற்றுக்கு இரண்டுதான். ஆனால் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்தில் ஒருவர் வரை இந்தக் கிழிசலால் பாதிக்கப்பட்டவராக இருக்கிறார். அந்தக் கணக்கைப் படித்த பிறகுதான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குப் பிலிப் ஹியூஸ் நினைவிருக்கும். ஆஸ்திரேலிய வீரர். 2014 நவம்பர் 25-ஆம் தேதி சிட்னி மைதானத்தில் எகிறி வந்த பந்து தலைக்கவசத்துக்குக் கீழே கழுத்தில் பட்டது. பின்கழுத்து நாளம் கிழிந்து மூளையைச் சுற்றி இரத்தம் பரவியது. இரண்டு நாளில் இறந்துபோனார். இருபத்தாறாவது பிறந்த நாளுக்கு மூன்று நாள் இருந்தது. அது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் கிழிசலுக்குப் பந்து வேகமாக வந்து பட வேண்டும் என்பதில்லை. பிரிட்டனின் பெயர் பெற்ற தொலைக்காட்சிச் செய்தியாளர் ஆண்ட்ரூ மார் 2013-ஆம் ஆண்டு வீட்டில் படகு வலிக்கும் உடற்பயிற்சி இயந்திரத்தில் மூச்சுப் பிடித்து இழுத்த பிறகு பக்கவாதத்தில் விழுந்தார். கழுத்து நாளம் கிழிந்திருந்தது. 1993-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் மைக்கேல் வெயின்ட்ராப், அழகு நிலையத்தில் தலையைப் பின்னால் சாய்த்து முடி அலசிக்கொண்ட ஐந்து பெண்களுக்கு நேர்ந்ததை எழுதினார். கடும் இருமல், கார் விபத்தில் கழுத்து வெட்டி இழுபடுவது என்று பட்டியல் நீளும். சிலருக்கு எந்தக் காரணமும் தெரிவதில்லை. அவர்களுடைய நாளச் சுவரே பிறப்பில் பலவீனமாக இருந்திருக்கலாம். நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படும் ஒரு வகை உண்டு. அதில் நாளம் சுருங்கியும் விரிந்தும், படத்தில் பார்த்தால் மணிமாலை போலவே இருக்கும்.

இப்போது நம் முடிதிருத்தகத்துக்கு வருவோம். முடி வெட்டி முடிந்ததும் தலையில் நான்கு தட்டு தட்டி, தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு சடக், அந்தப் பக்கம் ஒரு சடக். அந்த இரண்டு சடக்குக்காகவே போகிறவர்களை எனக்குத் தெரியும். இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள், சிரிக்கிறார்கள் பாருங்கள். முன்பு சொன்ன வளைவு ஞாபகம் இருக்கிறதா? தலையை வெட்டித் திருப்பும்போது முறுகுவது அந்த இடம்தான். கோடிப் பேர் இப்படித் திருப்பிக்கொண்டு சுகமாக இருக்கிறார்கள் என்பது உண்மை. ஏற்கெனவே நாளம் கிழிந்ததால்தான் கழுத்து வலித்து, அதற்காக உருவிவிடப் போனவர்களும் உண்டு. எது முதலில் என்று மருத்துவர்களே வாதிடுகிறார்கள். ஆனால் ஒரு பயனும் இல்லாத சத்தத்துக்காக அந்த இடத்தை முறுக்கிக்கொள்வானேன் என்பது என் கட்சி. திடீரென்று, இதுவரை வந்திராத மாதிரி ஒரு பக்கக் கழுத்தோ பின்மண்டையோ வலித்தால், அதைச் சுளுக்கு என்று வழிக்கக் கொடுக்காதீர்கள். அந்த வலியோடு ஒரு கண்ணிமை தொங்கினாலோ, ஒரு கண்ணின் மணி மட்டும் சிறுத்தாலோ, காதுக்குள் நாடித் துடிப்புப் போல 'உஷ் உஷ்' என்று கேட்டாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கிழிசல் விழுந்து சில மணி நேரமோ சில நாளோ கழித்துத்தான் பக்கவாதம் வருகிறது. அந்த இடைவெளி நமக்குக் கிடைத்த அவகாசம்.

அந்த அவகாசம் எப்படிப் போகும் என்பதை நம் வட்டாரத்திலேயே பார்த்தோம். குடும்பத்தார் சம்மதத்தோடு, பெயரில்லாமல் சொல்கிறேன். லாரி ஓட்டும் தம்பி, நாற்பது வயதாகவில்லை, கொதிப்பு இல்லை, இனிப்பு நீர் இல்லை. கழுத்தைத் திருப்பிக்கொண்டு வந்த மறுநாளிலிருந்து பின்மண்டையில் வலி. இரண்டு நாள் தைலம் தேய்த்து உருவினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் தலை சுற்றல், வாந்தி, நிற்க முடியாமல் ஒரு பக்கமாகத் தள்ளாட்டம், குரல் கம்மி, எச்சில் விழுங்க முடியவில்லை. குடித்திருக்கிறான் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ராத்திரி ஓட்டத்தில் ஏதோ கெட்டது பட்டிருக்கிறது என்றார் மாமியார். ஆலயத்துக்குத்தான் முதலில் அழைத்து வந்தார்கள். திருநீறு பூசிய கையோடு, "அம்மா, இங்கே நிற்காதீங்க, தம்பியை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சத்தம் போட்டவர் நம் அர்ச்சகர்தான். அதற்குள் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. பின்கழுத்து நாளம் கிழிந்து, மூளைத் தண்டில் ஒரு பகுதி பட்டுப்போயிருந்தது. பல வாரம் மூக்குக் குழாய் வழியே ஆகாரம். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். போன மாதம் சன்னதிக்கு நடந்தே வந்தார். லாரி வேலை போய்விட்டது. அவர் மனைவி இப்போது வேலைக்குப் போகிறார்.

மற்ற அபூர்வ அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிப் போகிறேன். கழுத்து நாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் உட்சுவரிலிருந்து மெல்லிய திரை ஒன்று தட்டுப் போல நீட்டிக்கொண்டிருப்பது ஒரு வகை. அதன் பின்னால் இரத்தம் சுழன்று தேங்கி உறைகிறது. சாதாரண ஒலி அலைப் பரிசோதனையில் இது தப்பிவிடும். மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. படத்தில்தான் அகப்படும். காரணம் தெரியாத பக்கவாதம் என்று சீட்டில் எழுதப்பட்ட இளைஞர் சிலருக்குப் பின்னால் இந்தத் திரை இருந்திருக்கிறது. மறுபடி வராமல் இருக்க அதை அறுவையால் நீக்கவோ, உள்ளே ஸ்டென்ட் வைக்கவோ முடியும். இன்னொன்று, காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து இறங்கும் முள் போன்ற எலும்பு. இரண்டரை சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டியது சிலருக்கு நீண்டு வளர்ந்து, தலையைத் திருப்பும்போது நாளத்தில் உரசுகிறது. வாட் ஈகிள் என்ற அமெரிக்க மருத்துவர் 1937-ஆம் ஆண்டு இதை எழுதினார். தொண்டையில் மீன் முள் சிக்கியது போலவே இருக்கிறது என்று நோயாளி சொல்வாராம். முள் உண்மையிலேயே இருக்கிறது, மீனுடையது அல்ல.

நாடி பார்ப்பதில் பெயர் பெற்றவர்கள் நாம். இளம் பெண் ஒருத்திக்கு ஒரு கையில் நாடி கிடைக்கவில்லை, அல்லது இரண்டு கையிலும் இரத்த அழுத்தம் பெரிதும் வேறுபடுகிறது என்றால் சும்மா விடக்கூடாது. இதயத்திலிருந்து புறப்படும் பெருநாளமும் அதன் கிளைகளும் அழன்று தடித்து அடைபடும் நோய் ஒன்று உண்டு. 1908-ஆம் ஆண்டு ஜப்பானியக் கண் மருத்துவர் தகயாசு வெளிப்படுத்தியது. நம் ஆசிய நாடுகளில், இந்தியாவிலும், இளம் பெண்களிடம் அதிகம்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர்களும் தாய்மார்களும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மூளைக்குள் நுழையும் முன் நாளங்கள் இரண்டும், நுழைந்த இடத்தில் ஆண்டுக்கு ஆண்டு தாமாகவே குறுகிக்கொண்டு வரும் நோய் ஒன்று இருக்கிறது. ஈடு செய்ய மூளையின் அடியில் மயிரிழை போன்ற நாளங்கள் கொத்துக் கொத்தாக முளைக்கின்றன. 1957-ஆம் ஆண்டு ஜப்பானில் தகேயுச்சி, ஷிமிசு என்ற இருவர் முதலில் எழுதினார்கள். 1969-ஆம் ஆண்டு சுசுகி, தகாகு இருவரும் அதற்கு 'மோயாமோயா' என்று பெயர் வைத்தார்கள். எக்ஸ்ரே படத்தில் அந்த நாளக் கொத்து காற்றில் கலையும் புகை போலத் தெரிந்ததாம். அந்தச் சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் அதுதான் பொருள். தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயவைத்த புகைக்கூடத்தின் கூரையிடுக்கில் காலையில் கசியும் புகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான், கொரியா நாடுகளில் அதிகம். ஆனால் எந்த இனத்துக்கும் விலக்கில்லை, நம் இந்திய வம்சாவளியினரிடமும் காணப்படுகிறது. பிள்ளைப் பருவத்தில் ஒரு முறையும், நாற்பதை ஒட்டி ஒரு முறையும் இது தலை காட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு.

இதை வீட்டில் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிள்ளை தேம்பித் தேம்பி அழும்போது, கொதிக்கும் மீயை ஊதி ஊதித் தின்னும்போது, பலூன் ஊதும்போது, புல்லாங்குழலோ நாதஸ்வரமோ பழகும்போது மூச்சு வேகமாகப் போய்வருகிறது. அப்படிப் போனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளை நாளங்கள் சுருங்கும். நமக்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே குறுகிய நாளமுள்ள பிள்ளைக்கு அந்நேரம் ஒரு கை துவளும், பென்சில் நழுவும், வாய் கோணும், பேச்சு குழறும். சில நிமிடத்தில் சரியாகிவிடும். சரியாகிவிடுவதுதான் ஆபத்து. அடித்ததற்கு நடிக்கிறான் என்பார்கள், வீட்டுப்பாடம் எழுதச் சோம்பல் என்பார்கள், திருஷ்டி சுற்றிப் போடுவார்கள். அழுதால் கை விழுகிற பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். "அழும்போது விழுகிறது" என்று அப்படியே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

காட்டினால் வழி இருக்கிறது. 1967-ஆம் ஆண்டு சூரிக் நகரில் யாசர்கில் என்ற அறுவை மருத்துவர், காதுக்கு முன்னால் துடிக்கும் உச்சந்தலை நாளத்தை எடுத்து மூளை நாளத்தோடு நுண்ணோக்கியின் கீழ் இணைத்துக் காட்டினார். அந்த முறை பிறகு இந்த நோய்க்கு உதவியது. சிறு பிள்ளைகளுக்கு நாளம் மிக மெல்லியது என்பதால், தைக்காமல் மூளையின் மேற்பரப்பில் படிய வைத்துவிடுவதும் உண்டு. சில மாதங்களில் அதிலிருந்து புது நாளங்கள் முளைத்து உள்ளே போகின்றன. ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டிய கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு இது வியப்பாக இராது. குறுகிப்போன நாளத்தை விரிக்க மருந்து கிடையாது. ஆனால் நேரத்தில் ஒட்டுக் கட்டினால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்.

இனி நேரக் கணக்கு. உறைகட்டி அடைத்த பக்கவாதத்துக்கு அதைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய நாளம் அடைத்திருந்தால் தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை இழுத்து எடுக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுகளுக்குப் பிறகு இது நிலைபெற்றது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்குள், படம் பார்த்துத் தேர்ந்த சிலருக்கு 24 மணி நேரம் வரையும் செய்கிறார்கள். எல்லா மருத்துவமனையிலும் இது கிடையாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் மாற்றும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். கழுத்து நாளம் கிழிந்திருந்தால் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து தருகிறார்கள். 2015-ஆம் ஆண்டு வெளிவந்த, பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 250 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஆஸ்பிரின் வகையும் அதைவிடக் கடுமையான மருந்தும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. மருந்தில் இருந்தவர்களில் மறுபடி பக்கவாதம் கண்டவர் மிகச் சிலரே. பெரும்பாலான கிழிசல்கள் மூன்று முதல் ஆறு மாதத்தில் தாமாகவே ஆறுகின்றன. அதற்காக வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். அடைப்பா, இரத்தக் கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே எமனாகும். வாயில் தண்ணீர், கஞ்சி, கோப்பி எதையும் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். கோடாலித் தைலத்தை அலமாரியிலேயே இருக்க விடுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, காரணமில்லாமல் தள்ளாடுகிறாரா? 999 அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

திருவிழாக் காலத்தில் நம் ஆலயத்தில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். அருள் வந்து தலையைச் சுழற்றி ஆடுகிறவர்களை நான் தடுக்கச் சொல்லவில்லை. என் தாயாரும் ஆடியவர்தான். ஆனால் ஆட்டம் நின்ற பிறகு ஒரு பக்கம் கை தூக்கவில்லை, வாய் குழறுகிறது என்றால், சாமி இன்னும் இறங்கவில்லை என்று சொல்லி வேப்பிலை அடித்து உட்கார வைக்காதீர்கள். சாமி இறங்குவதற்குக் காத்திருக்கலாம், மூளை காத்திருக்காது. திருநீறு வேண்டுமென்றால் வண்டியில் ஏற்றியபின் பூசலாம்.

விழுந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு தகவல். பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜெனட் இயோ அம்மையார் 1996-ஆம் ஆண்டு தொடங்கிய 'நாசாம்' என்ற தேசிய பக்கவாதச் சங்கம், நடக்கவும் பேசவும் மறுபடி பழக்குவதைத் தன் வேலையாகக் கொண்டது. இளையவர்கள் உடற்பயிற்சியால் மீள்வது பெரியவர்களைவிட அதிகம். நம் லாரித் தம்பியே அதற்குச் சாட்சி.

நிர்வாகக் குழுவுக்கு என் கோரிக்கை மூன்றே. அலுவலகச் சுவரிலும் மடப்பள்ளிக் கதவிலும் மேலே சொன்ன அடையாளங்களைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். திருவிழா நாட்களில் தேர் போகும் பாதையில் ஆம்புலன்ஸ் நுழைய ஒரு வழி விட்டுக் கயிறு கட்ட வேண்டும். போன முறை அந்த இடத்தில் பலூன் கடை நின்றது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்க என் பங்காக ஒரு தொகையைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லிப் பழக்குவது என் பொறுப்பு.

சமையற்கட்டிலிருந்து கை காட்டுகிறார்கள், தேநீர் தயாராம். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் அங்கே கேட்கலாம்.